கிந்துப்பின் ஐந்நூறு கட்டைகள்: சாங்போ ஆற்றில் வகுக்கப்பட்ட பயணத் திட்டங்களின் வரலாறு

திபெத்தில் யார்லுங் சாங்போ என்றும், அருணாசலப் பிரதேசத்தில் சியாங் என்றும், அசாமில் பிரம்மபுத்திரா என்றும் பெயர் பூண்டு ஓடும் ஆறு ஒன்றே என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அது விடை காணப்படாத வினாவாக இருந்தது. திபெத்திய மேட்டுநிலத்தில் கிழக்கு நோக்கி அமைதியாக ஓடிவந்த பேராறு, நாம்சா பர்வா (7,782 மீட்டர்), கியாலா பெரி (7,294 மீட்டர்) என்னும் இரு கொடுமுடிகளுக்கு இடையே புகுந்து மறைந்தது. மலைகளுக்குத் தெற்கே, அசாமின் சமவெளியில், பல ஆறுகள் வெளிப்பட்டன. மறைந்தது எது, வெளிப்பட்டது எது என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலவில்லை.

பள்ளத்தாக்கின் தலைவாயிலான பே என்னும் ஊரில் ஆறு ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. அங்கிருந்து வடகிழக்கே சென்று, நாம்சா பர்வாவைச் சுற்றி வளைந்து, தெற்கே திரும்பி, அருணாசலத்தின் பாசிகாட் அருகே சமவெளியைத் தொடும்போது அதன் உயரம் 150 மீட்டர் அளவே. பொதுவாக, செங்குத்தாக இறங்கும் மலையாறுகள் சிறியவை. பெருநீர் சுமக்கும் ஆறுகள் சாய்வு குறைந்தவை. பேராற்றின் நீரளவும் சிற்றாற்றின் செங்குத்தான இறக்கமும் ஒருங்கே கூடிய அரிய இடம் சாங்போ பள்ளத்தாக்கு. வெண்ணுரை நீரில் கயாக் படகு செலுத்துவோர் இதனை ஆறுகளின் எவரெஸ்ட் என்று அழைத்துவந்ததற்கு இதுவே காரணம்.

இத்தகைய ஆற்றில் பயணம் வகுப்பது துடுப்பை எடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கும் வேலை. எந்த மாதத்தில் நீர் எவ்வளவு இருக்கும், எந்த இடத்தில் கரையேற முடியும், எங்கே படகைத் தோளில் தூக்கி நடக்கவேண்டும், உணவு எவ்வழியாக வரும், இடர் நேர்ந்தால் யார் அறிவர் என்னும் கேள்விகளுக்கு முன்னதாகவே விடை வேண்டும். இவற்றுள் முதற்கேள்வியே மற்றவற்றை ஆள்கிறது. அதற்கான விடை ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. அந்த விடை தேவைப்படுவோர் கீழ்ப்பகுதியில் இருக்கின்றனர். கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் சாங்போவை முன்வைத்து வகுக்கப்பட்ட திட்டங்களை வரிசைப்படுத்தி நோக்கினால், அவை வென்றதும் வீழ்ந்ததும் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியில்தான் என்பது விளங்கும்.

முதல் திட்டத்தில் படகே இல்லை. இந்திய நிலஅளவைத் துறையைச் சேர்ந்த கேப்டன் ஹார்மன், அசாமில் வெளிப்படும் ஆறுகளின் நீரளவை 1870களின் பிற்பகுதியில் அளந்து, அவற்றுள் திகாங் எனப்பட்ட சியாங்கே மிகப் பெரியது என்று கண்டார். சாங்போவின் தொடர்ச்சி அதுவாகவே இருக்கவேண்டும் என்று கருதினார். ஆயினும் கருத்து வேறு, சான்று வேறு. வெள்ளையர் திபெத்துக்குள் நுழைய முடியாத காலம் அது. எனவே 1880ஆம் ஆண்டில் ஒரு லாமாவையும், அவருக்குத் துணையாகச் சிக்கிமைச் சேர்ந்த கிந்துப் என்பவரையும் அனுப்பினார். ஆற்றைத் தொடர்ந்து இந்திய எல்லைவரை நடந்து வருவது அவர்களுக்கு இடப்பட்ட பணி. அது இயலாவிட்டால், அடையாளமிட்ட மரக்கட்டைகளைக் குறித்த நாள்களில் ஆற்றில் விடவேண்டும். கீழே ஹார்மனின் ஆட்கள் கண்காணித்து நிற்பர். கட்டைகள் சியாங்கில் மிதந்து வந்தால் வினா தீர்ந்தது. எளிமையும் கூர்மையும் கொண்ட திட்டம். அது பலிக்கவேண்டுமானால் கட்டை விடும் நாள் கீழே நிற்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

அந்த லாமா பொறுப்பற்றவர். வழியில் ஓர் ஊரில் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மனைவியோடு உறவு கொண்டார்; நான்கு மாதம் அங்கேயே கழிந்தது; பிணக்கைத் தீர்க்க 25 ரூபாய் கொடுத்து மீட்டவர் கிந்துப். பின்னர் 1881ஆம் ஆண்டில், டோங்யுக் என்னும் இடத்தின் தலைவனிடம் கிந்துப்பையே அடிமையாக விற்றுவிட்டு லாமா மறைந்தார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அங்கிருந்து தப்பிய கிந்துப் ஊர் திரும்பவில்லை. ஆற்றை நோக்கியே நடந்தார். பெமாகோ நாட்டின் மார்புங் மடாலயத்தை அடைந்தபோது, பழைய எசமானின் ஆட்கள் தேடி வந்தனர். மடத்தின் தலைமை லாமா 50 ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். அடிமைநிலை மாறவில்லை, எசமான் மட்டுமே மாறினார்.

இனிதான் கிந்துப்பின் திட்டமிடும் ஆற்றல் வெளிப்படுகிறது. சில மாதம் உழைத்தபின், புனித யாத்திரை செல்ல விடுப்புக் கேட்டார். கிடைத்த விடுப்பில் ஆற்றங்கரைக் காட்டுக்குச் சென்று, ஓரடி நீளத்தில் ஐந்நூறு கட்டைகளை வெட்டி, ஒரு குகையில் மறைத்துவைத்து, மடத்துக்குத் திரும்பினார். கட்டைகளை உடனே ஆற்றில் விட்டிருக்கலாம். ஆனால் கீழே காத்திருப்பவருக்குச் செய்தி செல்லாமல் விடப்படும் கட்டை வெறும் மரம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மீண்டும் உழைத்து, மீண்டும் யாத்திரை விடுப்புப் பெற்று, இம்முறை லாசா வரை நடந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், அங்கே ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதுவித்து, டார்ஜிலிங்கில் இருந்த நேம் சிங்கின் பெயருக்குச் சிக்கிம் நாட்டார் ஒருவர் வாயிலாக அனுப்பினார். திபெத்திய ஆண்டின் பத்தாம் மாதம் ஐந்தாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை, நாளொன்றுக்கு ஐம்பது கட்டையாக ஆற்றில் விடுவேன் என்பது அதன் சாரம். பின்பு மார்புங்குக்குத் திரும்பி மேலும் ஒன்பது மாதம் அடிமைவேலை செய்தார். அவருடைய பத்தியை மெச்சிய லாமா விடுதலை அளித்தார். குறித்த நாள்களில், பிபுங் என்னும் இடத்தில் நின்று, அடையாளமிட்ட கட்டைகளை நாளுக்கு ஐம்பதாக ஆற்றில் விட்டார். அது 1883ஆம் ஆண்டின் இறுதி.

கீழே எவரும் கண்காணிக்கவில்லை. உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டுச் சென்ற ஹார்மன், அவ்வாண்டின் முற்பகுதியிலேயே இத்தாலியில் இறந்திருந்தார். கடிதம் உரிய காலத்தில் உரியவர் கையில் சேரவில்லை. ஐந்நூறு கட்டைகளும் பார்ப்பாரின்றிக் கடலை நோக்கிப் போயின. ஆற்றைத் தொடர்ந்து இந்தியா வந்துவிட முயன்ற கிந்துப், அன்று அபோர் என்று அழைக்கப்பட்ட ஆதி மக்களின் நாடு வரை வந்து, மேலே செல்ல வழியின்றித் திபெத் வழியாகவே திரும்பினார். 1884ஆம் ஆண்டின் இறுதியில் அவர் டார்ஜிலிங்கை அடைந்தபோது, புறப்பட்டு நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

அவர் வாய்மொழியாகச் சொன்ன பயணக்குறிப்பை மற்றவர் எழுதி மொழிபெயர்த்தனர். அதில் ஒரு பிழை நேர்ந்தது. கியாலாவுக்கு எதிரே பாறையிலிருந்து விழும் ஒரு கிளையோடையின் நீர்வீழ்ச்சியும், பெமகோசுங் அருகே முதன்மை ஆற்றில் உள்ள சிறிய வீழ்ச்சியும் ஒன்றாகக் குழம்பி, சாங்போவே 150 அடி உயரத்திலிருந்து விழுவதாகப் பதிவாயிற்று. அடுத்த முப்பது ஆண்டுகள் புவியியலாளர்கள் அந்தப் பேரருவியைத் தேடினர். சிலர் கிந்துப்பின் கூற்று முழுவதையும் ஐயுற்றனர். 1913ஆம் ஆண்டில் பெய்லி, மோர்ஷெட் என்னும் இரு அதிகாரிகள் தெற்கிலிருந்து நடந்து சென்று நேரில் கண்டபோது, பெமகோசுங் அருகே இருந்த வீழ்ச்சி 30 அடி அளவினது என்றும், அந்த ஒரு குழப்பம் நீங்கலாகக் கிந்துப்பின் விவரங்கள் வியக்கத்தக்க அளவுக்குச் சரியானவை என்றும் உறுதிப்பட்டது. டார்ஜிலிங்கில் தையல் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்த கிந்துப்பைக் கண்டுபிடித்து, அவருக்கு ஓய்வூதியம் வழங்குமாறு பெய்லி அரசை வேண்டினார். அரசு ஒருமுறைத் தொகையாக 1,000 ரூபாய் வழங்கியது. சிறிது காலத்திற்குள் கிந்துப் இறந்தார்.

1924ஆம் ஆண்டில் தாவரவியலாளர் கிங்டன் வார்டும் காடர் பிரபுவும் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை நடந்து கடந்தனர். எஞ்சிய குறுகிய இடைவெளியில் 100 அடிக்கு மேற்பட்ட அருவி ஒன்று இருப்பது 1998ஆம் ஆண்டு நவம்பரில்தான் அளந்து அறியப்பட்டது. அதே ஆண்டு, அந்த அளவீட்டுக்கு ஒரு மாதம் முன்னர், அமெரிக்கப் படகோட்டிகள் குழு ஒன்று அதே ஆற்றில் இறங்கியிருந்தது.

விக் வாக்கர் தலைமையிலான அந்தக் குழுவை அனுபவமற்றவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஜேமி மெக்யூவன், அவருடைய அண்ணன் டாம் மெக்யூவன், ரோஜர் ஸ்பெல், அமெரிக்க அணிக்காகப் போட்டியிட்டவரும் வேதியியலாளருமான டக் கார்டன் ஆகிய நால்வரும் படகு செலுத்த, வாக்கரும் பிறரும் கரைவழி நடந்து துணைநிற்பது திட்டம். பல ஆண்டு ஆயத்தம் அதன் பின்னால் இருந்தது. இவர்களுக்கு முன், 1993ஆம் ஆண்டில், சாங்போவும் போ சாங்போவும் கூடும் இடத்தருகே ஜப்பானியப் படகோட்டி ஒருவர் உயிரிழந்திருந்ததும் அவர்கள் அறிந்ததே. அக்டோபர் மாதத்தைத் தேர்ந்தனர். பருவமழை ஓய்ந்து நீர் வடிந்திருக்கும், கடுங்குளிர் இன்னும் தொடங்கியிராது என்பது கணக்கு. சராசரி ஆண்டுக்கு அது பொருத்தமான கணக்கு.

1998 சராசரி ஆண்டன்று. அவ்வாண்டுக் கோடையில் சீனத்தின் யாங்சி ஆறு பெருவெள்ளம் கண்டது. வங்கதேசத்தின் மூன்றில் இரு பங்கு நிலம் நீரில் மூழ்கியது. படகோட்டிகள் பள்ளத்தாக்கின் வாயிலில் வந்து நின்றபோது, சாங்போவில் எதிர்பார்த்ததைவிட மிக மிகுதியான நீர் ஓடியது. நடு ஆறு எவராலும் செலுத்த முடியாததாக இருந்தது. கரையோரமாகவே ஒட்டிச் செல்வது, ஐயமுள்ள இடங்களில் படகைத் தூக்கி நடப்பது, முடியாதபோது திரும்புவது என்று திட்டத்தை மாற்றிக்கொண்டு இறங்கினர். மாற்றம் அறிவுடையதே. ஆனால் அத்தகைய நீரில் கரையோரத்திற்கும் நடு ஆற்றிற்கும் இடையே உள்ள தூரம் சில துடுப்பு வீச்சுகளே. அக்டோபர் 16ஆம் நாள், கரையோரமாக எட்டு அடி அளவிலான ஒரு வீழ்ச்சியில் டக் கார்டன் இறங்கினார். படகு கவிழ்ந்தது. நிமிர்த்த முயன்றார், இயலவில்லை. ஓட்டம் அவரை நடு ஆற்றுக்குள் இழுத்துச் சென்றது. தோழர்கள் தேடிச் சென்றும் உடல் கிடைக்கவில்லை. பயணம் அங்கே முடிந்தது.

இந்நிகழ்வு பின்னர் நூல்களிலும் இதழ்களிலும் நெடிது விவாதிக்கப்பட்டது. துணிச்சலா, பிடிவாதமா என்ற கேள்வியே பலருக்கு முன்நின்றது. திட்டமிடலின் வரலாறாக நோக்குவோருக்கு வேறொன்று தென்படும். கண்டங்கள் கடந்து வரும் பயணத்தில் அனுமதி, நிதி, விடுப்பு, சுமையாட்கள், உணவு ஆகிய யாவும் நாள்காட்டியில் பல மாதங்கள் முன்னதாகவே ஆணியடிக்கப்படுகின்றன. நீர் மட்டுமே அந்த நாள்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. ஆற்றின் முன் வந்து நின்றபின் கிடைக்கும் செய்தியால் திட்டத்தின் விளிம்புகளைத் திருத்தலாம். அடித்தளத்தை மாற்றுவது மிக அரிது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2002ஆம் ஆண்டில், ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையில் ஏழு கயாக் வீரர்கள் வந்தனர். அவர்கள் தேர்ந்தது நடுக்குளிர்காலம். மலைப்பனி உருகாத, மழை பெய்யாத பிப்ரவரியில் சாங்போவின் நீர் ஆண்டிலேயே மிகக் குறைந்திருக்கும். நீரில் பெற்ற இந்த வசதிக்கு நிலத்தில் விலை கொடுக்கவேண்டியிருந்தது. கடுங்குளிர், பனி மூடிய கணவாய், பனிச்சரிவு அச்சம் ஆகியவற்றோடு, பெரிய கரைவழிக் குழுவும் தேவைப்பட்டது. பே முதல் மேற்பள்ளத்தாக்கின் 44 மைல் அளவான பகுதியை, ஒவ்வொரு பாய்ச்சலையும் கரையேறி நோட்டமிட்டு, செலுத்த இயலாதவற்றைத் தோளில் தூக்கிக் கடந்து, எழுவரும் உயிருடன் முடித்தனர். அதற்குக் கீழே இருந்த பேரருவிப் பகுதியில் இறங்காமல், படகுகளுடன் சென்சென் கணவாயைப் பனியில் ஏறிக் கடந்தனர். எங்கே நிறுத்துவது என்பதும் அத்திட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

அந்தப் பயணத்தின் இன்னொரு முகமும் பதிவாகியுள்ளது. உணவையும் கருவிகளையும் சுமந்தவர்கள் உள்ளூர் மக்கள். நடுவழியில் அவர்கள் கூடுதல் கூலி கேட்டு நின்றனர். கசப்பான பேரம் நடந்தது. பயண இலக்கியம் இதனை ஓர் இடையூறாகவே சொல்லும். பனிக்கணவாயில் சுமையோடு செல்பவர் ஏற்கும் இடர், ஆற்றில் செல்பவர் ஏற்கும் இடரைவிடச் சிறிதன்று என்பதையும் சேர்த்தே அதனை வாசிக்கவேண்டும். 25 ரூபாய் தண்டம் கட்டியவரும், 50 ரூபாய்க்கு விற்கப்பட்டவரும், 1,000 ரூபாய் வெகுமதியோடு கணக்குத் தீர்க்கப்பட்டவருமான கிந்துப்பிலிருந்தே இப்பள்ளத்தாக்கின் கூலிக் கணக்கு தொடங்குகிறது.

எல்லைக்கு இப்பால், சியாங்கில், இன்று ஆண்டுதோறும் படகோட்டிகள் இறங்குகின்றனர். தூத்திங் முதல் பாசிகாட் வரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளும் அப்பகுதிக்கு நவம்பர் முதல் மார்ச் வரையே உகந்த காலம். வெளிமாநிலத்தார்க்கு உள்கோட்டு அனுமதிச்சீட்டு வேண்டும். ஆதி மக்களின் ஊர்கள் ஆற்றுக்கு மேலே உயரத்தில் உள்ளன. கரையேறினாலும் ஏற்றம் காத்திருக்கும். இவை அனைத்தையும் வகுத்துக்கொள்ளலாம். மேலே என்ன நடக்கிறது என்பதை மட்டும் கீழிருந்து வகுக்க முடியாது.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் திபெத்தில் யீகோங் ஆற்றின் குறுக்கே பெரும் மலைச்சரிவு விழுந்தது. இரண்டு மாதம் நீர் தேங்கி ஏரியாயிற்று. ஜூன் 10ஆம் நாள் அந்த இயற்கை அணை உடைந்தது. வெள்ளம் பெருவளைவின் வழியே இறங்கி, சியாங் பள்ளத்தாக்கின் பாலங்களை வாரிச் சென்றது. அருணாசலத்தில் ஏறத்தாழ 30 பேர் மாண்டதாகவும் 50,000 பேர் வீடிழந்ததாகவும் கணக்கிடப்பட்டது. நீரளவுத் தகவலை மேலிருந்து கீழே ஒழுங்காகத் தெரிவிக்கும் ஏற்பாடு எதுவும் அப்போது இரு நாடுகளுக்கும் இடையே இருக்கவில்லை. இரண்டு மாதம் தேங்கிய நீரைப் பற்றிய செய்தி, நீருக்கு முன்பாக வந்து சேரவில்லை.

2002ஆம் ஆண்டில் இந்தியாவும் சீனமும் அத்தகைய ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. நுகேஷா, யாங்சுன், நுக்ஷியா என்னும் மூன்று நிலையங்களின் வெள்ளப்பருவ அளவுகள் இந்தியாவுக்கு வரும் என்பது அதன் ஏற்பாடாக இருந்தது. 2017ஆம் ஆண்டு டோக்லாம் பூசலின்போது அவை வரவில்லை. 2018ஆம் ஆண்டில் மீண்டும் வந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், கியாலா ஊரருகே மலை சரிந்து சாங்போவையே அடைத்தது. ஒப்பந்தப்படி அளவுகள் வரும் பருவம் அக்டோபர் 15ஆம் நாளே முடிந்திருந்தது. ஆயினும் சீனம் தகவல் அனுப்பியது. சியாங் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டனர். பலர் மேட்டுக்குச் சென்றனர். தடை உடைந்து நீர் இறங்கியபோது பெருஞ்சேதம் நேரவில்லை. கிந்துப் நடந்து கடந்த அதே கியாலாவிலிருந்து, ஏறத்தாழ 135 ஆண்டுகளுக்குப் பின், ஆற்றைப் பற்றிய ஒரு செய்தி ஆற்றுக்கு முன்பாகக் கீழே வந்து சேர்ந்தது.

ஒப்பந்தத்தின் பருவம் மே நடு முதல் அக்டோபர் நடு வரையாக இருந்தது. படகோட்டிகளின் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. குளிர்காலத்து ஆறு இதுவரை இயற்கையின் ஒழுங்கில் தாழ்ந்து கிடந்தமையால் இந்த இடைவெளி பெரிதாகத் தோன்றவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் பெருவளைவுப் பகுதியில் சீனம் மாபெரும் நீர்மின் திட்டத்தின் கட்டுமானத்தைத் தொடங்கியுள்ளது; சியாங்கில் இந்தியாவும் ஓர் அணையைத் திட்டமிட்டு வருகிறது. அவை இயங்கத் தொடங்கிய பின்னர், குளிர்கால நீரளவை மின்தேவையும் மதகுகளும் சேர்ந்தே முடிவுசெய்யும். அப்போது ஆற்றில் இறங்குவோர்க்கும், கரையில் மீன்பிடிப்போர்க்கும், மணற்றிட்டில் பயிரிடுவோர்க்கும் மேலிருந்து வரும் செய்தி ஆண்டு முழுவதும் தேவைப்படும். நாளும் அளவும் குறித்துக் கடிதம் அனுப்பிவிட்டு, அந்த நாள் வரும்வரை கட்டைகளைக் குகையில் வைத்துக் காத்திருந்த ஓர் அடிமையின் ஒழுங்கு, அந்தச் செய்தியை அனுப்பவேண்டிய அரசுகளுக்கு இன்னும் கைவரவில்லை.